பல் வைத்தியரின் நாற்காலி

பல் வைத்தியரிடம் செல்ல அஞ்சுவோரைக் கோழைகள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. ஆயிரம்பேர் முன்னிலையில் மேடையேறி வாதிடும் பேச்சாளரும், பரீட்சை மண்டபத்தை ஒரு பார்வையால் அடக்கும் தலைமையாசிரியரும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. பற்கொதி எழுந்த இரவில், கராம்புத் தைலத்தைப் பஞ்சில் தோய்த்துச் சூத்தைப் பல்லில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் போய்விடுவதாகச் சபதஞ் செய்வர். விடிகிறது, நோவு சற்றே தணிகிறது, சபதமும் தணிந்துவிடுகிறது. தைலம் நோவை மந்தப்படுத்துமேயன்றிச் சூத்தையை நிறுத்தாது என்பது அவர்கள் அறியாததன்று.

நோவுக்குத்தான் அஞ்சுகிறார்களென்றால், அந்நோவுக்கு மருந்து கண்டு நெடுங்காலமாகிறது. அமெரிக்காவின் ஹாட்போட் நகரில் ஹொரஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர், 1844 டிசெம்பர் 11ஆம் நாள், சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசித்துத் தம் சொந்தப் பல்லையே பிடுங்குவித்துக்கொண்டார். (பிறர் பல்லைத் தேடாது தம் பல்லைக் கொடுத்தாரே, அதற்காகவே அவர்மீது எனக்கு ஒரு மதிப்பு.) 1943இல் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் நில்ஸ் லொவ்கிறென் ஆக்கிய லிடோக்கெயின், பல் வைத்தியசாலைகளில் இன்றும் வழங்கும் விறைப்பு மருந்தாகும். நோ குறைந்தது, அச்சம் அந்த அளவுக்குக் குறையவில்லை. அப்படியாயின் நாம் அஞ்சுவது எதற்கு?

இவ்வச்சத்தை அளப்பதற்கென நோர்மன் கோரா என்னும் அமெரிக்கர் 1969இல் நான்கு வினாக்களை வெளியிட்டார். நாளை பல் வைத்தியரிடம் போகவேண்டுமாயின் உமக்கு எப்படியிருக்கும்? அவருடைய அறைக்கு வெளியே காத்திருக்கையில் எப்படி? நாற்காலியில் அமர்ந்தபின் அவர் துளைகருவியை ஆயத்தஞ் செய்கையில் எப்படி? பற்களைச் சுத்தஞ் செய்யும் கருவிகளை எடுக்கையில் எப்படி? ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. எனக்கு 20க்கு 17 கிடைத்தது; நான் எழுதிய வேறெந்தப் பரீட்சையிலும் இத்துணைச் சிறப்பாகச் சித்தியெய்தியதில்லை. வாசகர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். நான்கு வினாக்களிலும் வைத்தியரின் கை வாயைத் தொடவேயில்லை. அளக்கப்படுவது நோவன்று, வரப்போவதை எண்ணி நடுங்கும் மனமே.

என் மனம் அவ்வாறு நடுங்கப் பழகிய நாளை நான் நன்கறிவேன். எட்டு வயதில் என்னை நாற்காலியில் இருத்திய ஒரு வைத்தியர், "தம்பி, சும்மா பார்க்கத்தான் போறன்" என்றார். முதுகுக்குப் பின்னே மறைத்த கையிற் குறடு இருந்தது. பல் போன நோவு இரண்டு நாளில் மாறியது. அந்தச் சொல் மாறவில்லை. வாயைத் திறந்து கொடுத்தவன் பேசவியலாதவன். அவனிடம் பொய்யும் சொல்லப்பட்டால் அவனுக்குக் கதியேது?

பல் வைத்திய உலகம் இதனை உணராமலில்லை. 'சொல், காட்டு, செய்' என்னும் முறை 1959இல் எழுத்தில் வந்தது. செய்யப்போவதைக் குழந்தைக்கு விளங்கும் சொல்லிற் கூறுதல், கருவியை அதன் கண்முன்னே காட்டுதல், கூறியபடியே செய்தல், அவ்வளவே. சிறுவருக்கென வகுத்த இம்முறை நரைத்த தலையினருக்கும் வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம்.

சென்ற ஆண்டு கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றுக்காக நான் சென்றபோது, அங்கிருந்தவர் என் மாணவியர் வயதினரான ஒரு பெண். "எனக்குப் பயம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வகுப்பறையில் ஒருநாளும் வாய்வராத வாக்கியம் அது. அவர் நகைக்கவில்லை. "நோ தெரியாது, சேர், அழுத்துறது மட்டும் தெரியும். ஊசி போட்டாப்போல நெஞ்சு கொஞ்சம் படபடக்கலாம். மருந்தோட கிடக்கிற அதிரினலின்ர வேலை அது. நிப்பாட்ட வேணுமெண்டால் இடக்கையை உயர்த்துங்கோ" என்றார்.

முரசிலே களிம்பு பூசிச் சற்றுப் பொறுத்தார். பின்பு மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். விரைந்து ஏற்றினால் ஊசி கூடுதலாக நோகுமாம். நெஞ்சு படபடத்தது. முன்னரே சொல்லப்பட்டிருந்தமையால், அது சொல்லிவைத்து வந்த விருந்தாளியைப்போல வந்து போயிற்று.

முப்பது ஆண்டுகளாக மாணாக்கரைக் கையுயர்த்தப் பழக்கிய நான், அன்று இருமுறை கையுயர்த்தினேன். முதன்முறை நொந்தது, உடனே நிறுத்தி, இன்னுஞ் சிறிது மருந்து ஏற்றினார். இரண்டாம் முறை நோவேயில்லை. நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காகவே உயர்த்தினேன். நிறுத்தினார்.