பெயர் ஒன்று, கை வேறு! – பிரிட்டனின் சைக்கிள் கைவினைஞர்களைத் தேடும் வரைபடம்



ஒரு நாட்டின் வரைபடம் என்றதும் மலைகளும் ஆறுகளும் மாநகரங்களும் உங்கள் மனக்கண்ணில் தோன்றும். விளைபொருள்களைக் காட்டும் வரைபடங்களையும் பள்ளிப் பாடநூல்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் கைத்தொழிலாளர்களின் பட்டறைகளை மட்டுமே காட்டும் ஒரு வரைபடத்தை யாரேனும் வரைய முற்பட்டால் எப்படி இருக்கும்? பிரிட்டனில் அத்தகைய முயற்சி ஒன்று நெடுநாள்களாக நடந்து வருகிறது. தீயும் அரமும் கொண்டு, ஒருவரின் உடலளவுக்கேற்ப ஒவ்வொன்றாகச் சைக்கிள்களைச் செய்து தந்த கைவினைஞர்கள் எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்த ஆண்டுகளில் வாழ்ந்தார்கள் என்பதைத் தேடிக் குறிக்கும் முயற்சி அது.

இதிலென்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறதா? சற்றே பொறுமையுடன் தொடர்ந்து படியுங்கள்.

ஆலையின் சைக்கிளும் கையின் சைக்கிளும்

இன்று நாம் அறிந்த வடிவிலான சைக்கிள் பிறந்த இடம் இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரம். 1885-ஆம் ஆண்டு ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுடைய, செயினால் இயங்கும் 'ரோவர்' சைக்கிளை அங்கு உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பின் சைக்கிள் தொழில் ஆலைகளின் கைக்குச் சென்றது. நாட்டிங்காம் நகரின் ராலே நிறுவனம் 1950-களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்களைத் தயாரித்தது.

அந்த ஆலைச் சைக்கிள்கள் உறுதியானவை, ஆனால் கனமானவை. ஏறக்குறைய இருபது கிலோ எடையுள்ள வண்டியை மிதித்துக்கொண்டு மலைச்சாலையில் நூறு மைல் செல்ல எல்லோராலும் இயலுமா? ஞாயிறுதோறும் சங்கம் சேர்ந்து நெடுந்தூரம் சென்றவர்களுக்கும், பந்தய வீரர்களுக்கும் அதில் ஏறத்தாழப் பாதி எடையே உள்ள வண்டி தேவைப்பட்டது. அதைச் செய்து தந்தவர்கள்தாம் இந்தச் சிறு பட்டறைக்காரர்கள்.

வாடிக்கையாளர் கடைக்கு வருவார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போல அவருடைய காலின் நீளமும் கையின் நீளமும் அளக்கப்படும். எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் ஓட்டுவார் என்று கேட்பார்கள். வர்ணத்தை அவரே தேர்ந்தெடுப்பார். சில வாரங்களில் அவருக்கென்றே ஒரு சைக்கிள் பிறந்துவிடும். முன்பக்கம் கடை, பின்பக்கம் பட்டறை. கடைக்காரர் பெரும்பாலும் தாமே ஒரு பந்தய வீரராக இருந்தவர். 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்ற ஃப்ரெடி கிரப் பிற்காலத்தில் லண்டனில் சைக்கிள் செய்யும் தொழிலை நடத்தியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பட்டறையின் உள்ளே

இத்தொழிலைத் தொடங்கப் பெரிய முதலீடு தேவைப்படவில்லை. ஒரு மேசை, பிடிப்புக் கருவி, அரங்கள், தீ ஊதும் அடுப்பு, இவற்றோடு பழகிய கை – இவையே போதும். எஃகுக் குழாய்கள் பர்மிங்காமில் இருந்த ரெனால்ட்ஸ் ஆலையிலிருந்து வந்தன. அந்நிறுவனத்தார் 1897-இல் ஓர் அரிய முறைக்குக் காப்புரிமை பெற்றனர். குழாயின் வெளியளவு ஒரே சீராக இருக்கும். உள்ளே இரு முனைகளிலும் சுவர் தடித்தும், நடுவில் மெலிந்தும் இருக்கும். தீயும் பாரமும் தாக்கும் முனைகளில் வலிமை. மற்ற இடத்தில் எடைக் குறைவு! 1935-இல் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த எஃகினால் '531' என்னும் குழாயை அவர்கள் வெளியிட்டபின், நல்ல சைக்கிள் என்றாலே அந்த எண் ஒட்டிய சைக்கிள் என்றாயிற்று.

குழாய்களை மூட்டுகளில் செருகிப் பித்தளையையோ வெள்ளிக் கலவையையோ உருக்கி இணைப்பார்கள். நம் பொற்கொல்லர்கள் பற்றாசு வைத்து ஊதுவதை நீங்கள் கண்டிருந்தால் இந்த வேலையின் நுட்பம் எளிதில் விளங்கும். எஃகு உருகக் கூடாது; ஆனால் அதன் இடுக்கெங்கும் பற்றாசு ஓடிப் பரவ வேண்டும். வெப்பம் குறைந்தால் மூட்டு நிற்காது. மிகுந்தால் குழாய் கெட்டுவிடும். அளவுகோல் எதுவும் இல்லை. இரும்பு சிவக்கும் நிறத்தைக் கண்டு கண் சொல்ல வேண்டும். கை கேட்க வேண்டும்.

புள்ளிகள் சொல்லும் செய்தி

இனி வரைபடத்துக்கு வருவோம். பட்டறைகளைப் புள்ளிகளாகக் குறித்தால் அவை நாடெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை என்பது உடனே தெரியும்.

லண்டனில் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கின்றன. கிளாஃபம் பகுதியில் 1928-இல் தொழில் தொடங்கிய கிளாட் பட்லர், பட்னியில் ஹோல்ட்ஸ்வொர்த், டாட்டன்ஹாமில் ஹெட்சின்ஸ், டெப்ட்ஃபோர்டில் விட்காம், 1948-இல் தொடங்கிய காண்டார் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

வடக்கே யார்க்ஷயரில் இன்னொரு கூட்டம். லீட்ஸ் நகரில் 1935-இல் தொடங்கிய பாப் ஜாக்சன், ஷிப்லியில் 1936-இல் தொடங்கிய எல்லிஸ் பிரிக்ஸ், பிராட்ஃபோர்டில் பெயின்ஸ் சகோதரர்கள். ஏன் அங்கே இத்தனை பேர்? கம்பளி ஆலைகளும் பொறியியல் கூடங்களும் நிறைந்த ஊர்கள் அவை. வாரமெல்லாம் புகையில் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊரைத் தாண்டினால் மலையும் காற்றும் கிடைத்தன. ஊர்தோறும் சைக்கிள் சங்கங்கள் இருந்தன. சங்கம் இருந்த இடத்தில் வாடிக்கையாளர் இருந்தார்; வாடிக்கையாளர் இருந்த இடத்தில் பட்டறை முளைத்தது. எல்லிஸ் பிரிக்ஸின் சைக்கிளில் ஏறிய கென் ரஸ்ஸல் என்னும் இளைஞர், பெரிய நிறுவனங்களின் அணிகளை எதிர்த்து 1952-ஆம் ஆண்டின் பிரிட்டன் சுற்றுப் பந்தயத்தையே வென்று காட்டினார்!

வடகிழக்கில் ஸ்டாக்டன் நகரில் தனித்து நிற்கும் ஒரு புள்ளி ஜாக் டெய்லர் பட்டறை. ஜாக், நார்மன், கென் என்னும் மூன்று சகோதரர்கள் வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு நடத்தினர். இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள்களுக்குப் பெயர் பெற்றவர்கள். நடுவில் டெர்பி நகரில் 1946-இல் டாம் குரோத்தரும் லூ பார்க்கரும் தொடங்கிய மெர்சியன் பட்டறை நிற்கிறது.

வளைந்த கம்பியின் கதை

இக்கைவினைஞர்களின் சில படைப்புகள் விந்தையான தோற்றம் உடையவை. ஹெட்சின்ஸ் சைக்கிளில் பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகள் நேராக இரா. நெளிந்து வளைந்து செல்லும். பெயின்ஸ் சகோதரர்களின் ஒரு வண்டியில் குழாய்களின் அமைப்பு மாறி, வேலிக் கதவைப் போலத் தோன்றும். அதனால் 'பறக்கும் கதவு' என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது!

ஏன் இப்படி? சாலை அதிர்ச்சியைத் தாங்கும், வேகத்தைக் கூட்டும் என்று செய்தவர்கள் காரணம் கூறினர். வேறொரு காரணமும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் ஊதியம் பெறாப் பந்தய வீரர்கள் வணிக விளம்பரத்துக்குத் துணைபோகக் கூடாது என்ற விதி இருந்தது. பத்திரிகைப் படத்தில் சைக்கிளின் பெயர் தெரிதல் ஆகாது. பெயரை மறைத்தாலும் வடிவத்தை மறைக்க முடியுமா? வளைந்த கம்பியைக் கண்டதும் 'இது ஹெட்சின்ஸ்' என்று ஊரே சொல்லிவிடும் அல்லவா?

செய்தவர் யார்?

வாசகர்களே, இந்த வரைபடப் பணியின் உண்மையான கடினம் இங்குதான் தொடங்குகிறது. சைக்கிளின் மேல் எழுதியிருக்கும் பெயர் கடையின் பெயர். அதைச் செய்த கை பல வேளைகளில் வேறொருவருடையது!

ஹெட்சின்ஸ் என்பது ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஹைமன் ஹெட்சின் என்னும் வணிகரின் பெயர். அவருடைய புகழ்பெற்ற சைக்கிள்களைப் பல பத்தாண்டுகள் தீயின் முன் நின்று செய்தவர் ஜாக் டென்னி. தென் லண்டனில் ஏ.எஸ். கில்லட் என்ற கடையின் பெயரில் வெளிவந்த சைக்கிள்களைச் செய்தவர்களுள் ஒருவர், சிறுவனாக அங்கு வேலைக்குச் சேர்ந்த ரான் கூப்பர். பிற்காலத்தில் அவர் தம் சொந்தப் பெயரிலேயே சைக்கிள் செய்து உலகப் புகழ் அடைந்தார். இவ்விருவரின் பெயர்களும் நிலைத்துவிட்டன. ஆனால் தொழிலுக்கென மொத்தமாகச் செய்து, பல கடைகளுக்கு அனுப்பிய கைகள் எத்தனை! கடைக்காரர் தம் பெயரை ஒட்டி விற்றார். செய்தவரின் பெயர் சம்பளப் புத்தகத்தோடு மறைந்துபோனது.

பெயர் விலைக்குப் போவதும் உண்டு. ஃப்ரெடி கிரப் மறைந்தபின் அவர் பெயரும், நொடித்துப்போன கிளாட் பட்லரின் பெயரும் 1950-களில் ஹோல்ட்ஸ்வொர்த் நிறுவனத்தின் வசமாயின. அதற்குப் பின் அந்தப் பெயர்களைத் தாங்கி வந்த சைக்கிள்கள் அதே கைகள் செய்தவை அல்ல. எனவே வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதாது. அதன் அருகே ஆண்டையும், முடிந்தால் செய்தவரின் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது. கடைகளின் வரைபடம் ஒன்று. கைகளின் வரைபடம் மற்றொன்று.

எப்படித் தேடுகிறார்கள்?

1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பழஞ்சைக்கிள் ஆர்வலர் சங்கம் ஒன்று பிரிட்டனில் உள்ளது. அதன் உறுப்பினர்களும் அவர்களைப் போன்ற பிறரும் இப்பணியைச் செய்து வருகின்றனர். ஒவ்வொரு பெயரையும் ஒருவர் பொறுப்பேற்று ஆராய்கிறார். பழைய விலைப்பட்டியல்கள், 1891-இல் தொடங்கிய 'சைக்கிளிங்' வார இதழின் விளம்பரங்கள், ஊர்களின் வணிகர் கையேடுகள் ஆகியவற்றிலிருந்து முகவரிகள் கிடைக்கின்றன.

ஆனால் முதன்மையான சான்று சைக்கிளே! மிதிக்கட்டைகளின் அச்சு செல்லும் குழலைக் கவிழ்த்துப் பார்த்தால் ஓர் எண் வெட்டப்பட்டிருக்கும். சிலர் அந்த எண்ணிலேயே ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களைச் சேர்த்தனர். சிலர் வரிசையாக எண்ணிட்டனர். ஒரே பெயருள்ள நூறு சைக்கிள்களின் எண்களைத் திரட்டி, ஆண்டு தெரிந்த சிலவற்றோடு ஒப்பிட்டால் மற்றவற்றின் காலமும் புலப்படும். மூட்டுகளின் ஓரத்தை அரத்தால் சீவிய பாங்கு, கம்பிகளின் முனையை அடைத்த விதம் இவையெல்லாம் கையெழுத்தைப் போன்றவை. பழகிய கண் அவற்றைக் கண்டு, பெயர்ச்சீட்டு உரிந்துபோன சைக்கிளையும் இன்னார் செய்தது என்று கூறிவிடும்.

நமக்கும் ஒரு தொடர்பு

இந்த வரைபடத்தின் கோடுகள் பிரிட்டனோடு நின்றுவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்களான ரிச்சர்ட் சாக்ஸ், பீட்டர் வைகிள், பென் செரோட்டா ஆகியோர் லண்டன் விட்காம் பட்டறையில் தொழில் கற்றுத் தம் நாடு திரும்பினர். அங்கே அவர்களும் புகழ்பெற்ற கைவினைஞர்களாயினர்.

நம்மை நோக்கியும் ஒரு கோடு வருகிறது. ரெனால்ட்ஸ் ஆலை சேர்ந்திருந்த பர்மிங்காமின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம், 1949-இல் முருகப்பா குழுமத்தாரோடு கூட்டுச் சேர்ந்தது. அதன் விளைவே அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ். உங்கள் தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய ஹெர்குலிஸ் சைக்கிள் அந்த வழியில் வந்ததே. அது ஆலைச் சைக்கிள்தான். ஆனாலும் குழாயின் குடும்பம் ஒன்று.

காலம் கடத்தலாகாது

கார்கள் பெருகின, ஆலைகள் ஒன்றோடொன்று இணைந்தன, வெளிநாட்டுச் சைக்கிள்கள் மலிவாக வந்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வலிமை மிக்க ராலேயின் நாட்டிங்காம் ஆலையே 2002-இல் மூடப்பட்டுவிட்டது. 2021-இல் பாப் ஜாக்சன் பட்டறை முடிவுக்கு வந்தபோது, அதே லீட்ஸ் நகரின் வுட்ரப் நிறுவனத்தார் அப்பெயரை ஏற்றுக் காத்தனர். 2024-இல் மெர்சியன் நொடித்தபோதும், அவ்வாண்டிலேயே அப்பகுதியினர் சிலர் முன்வந்து அதை மீட்டனர். இவற்றின் பெயர்களையும் பெருமையையும் அறிந்தவர்கள் இருந்ததால்தான் மீட்க ஆள் வந்தது. பெயரே மறந்துபோன பட்டறைக்காக யார் வருவார்?

வரைபடம் வரைபவர்களுக்கு ஒரு கவலை உண்டு. பழைய பட்டறையில் எடுபிடிச் சிறுவனாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். எந்தச் சைக்கிளை எவர் செய்தார் என்பது அவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. விலைப்பட்டியலை நாளையும் படிக்கலாம். முதியவரை நாளை கேட்கலாம் என்று தள்ளிவைக்க இயலாது.

வாசகர்களே! உங்கள் ஊரிலும் தறி நெய்தவர், பாய் முடைந்தவர், பூட்டுச் செய்தவர், படகு கட்டியவர் என எத்தனை கைகள் இருந்திருக்கும்! கடைகளின் பெயர்கள் பலகைகளில் இருக்கின்றன. அக்கைகளின் பெயர்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் வீட்டிலோ தெருவிலோ அதை அறிந்த பெரியவர் ஒருவர் இருப்பார். ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரருகில் அமருங்கள். பெயர், தெரு, ஆண்டு – இம்மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பிறகு வரைந்துகொள்ளலாம்.