ஏரலில் வீடு, பட்டணத்தில் குடிக்கூலி

ஆடி அமாவாசைக்கு ஏரலுக்குப் போகிறவர்கள் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலையும், தாமிரபரணியில் நீராடும் கூட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். வாசகர்களுக்கு நாம் காட்ட விரும்புவது வேறு. அதற்கு முந்தின நாள் ஊரின் தெருக்களில் நடந்து பார்த்தால், மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்த சில வீடுகள் திறந்திருக்கும். திண்ணையைக் கழுவி வாசலில் கோலம் போட்டிருப்பார்கள். பட்டணத்திலிருந்து வந்த குழந்தைகள் முற்றத்தில் ஓடுவார்கள்; ஓடுவதற்கு இவ்வளவு இடம் உண்டா என்று அவர்களுக்கே ஆச்சரியம்! மூன்றாம் நாள் மறுபடியும் பூட்டு. குடும்பம் சென்னையில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை ஜாகைக்குத் திரும்பிவிடும்.

இந்தச் சீமையிலிருந்து பட்டணத்துக்குப் பிழைக்கப் போவது புதிதல்ல. மளிகைக் கடைக்கு வேலைக்குப் போன பையன் கடையிலேயே உண்டு, பரணிலேயே படுத்துக்கொள்வான். உத்தியோகத்துக்குப் போனவன் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பாதிக் கட்டிலுக்குப் பணம் கட்டுவான். ஒற்றைக் கட்டையாக இருக்கும் வரையில் பட்டணம் யாருக்கும் இடங்கொடுக்கும். கல்யாணம் ஆகி, கையில் ஒரு குழந்தையும் வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளோ பரீட்சை கெட்டது! எத்தனை பேர்? குழந்தை அழுமா? ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள்? தண்ணீர் எவ்வளவு செலவாகும்?

கேள்விகளில் தேறினாலும் பணத்தில் தேற வேண்டும். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வாடகை 15,000. பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. தரகருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை வேறு. ஆக, அரிசி வாங்குமுன் 1,80,000 ரூபாய் வெளியே போகிறது. அதாவது நாலரை மாதச் சம்பளம். இப்போது ஐந்து, ஆறு மாதத்தோடு நிற்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. ஆனால் பத்து மாத வழக்கம் ஒழிந்துவிடவில்லை.

நெல்லைப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது. அவர்களுக்குத் தெரிந்தது ஒத்தி. பெருந்தொகையாகக் கொடுத்துக் குடியேறினால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். "அம்புட்டுப் பணம் கொடுத்தாச்சே, அப்ப வாடகை கிடையாதுல்லா தம்பி?" என்று ஒரு தகப்பனார் கேட்டால் மகன் என்ன பதில் சொல்லுவான்?

சட்டம் பேசாமல் இருந்துவிடவில்லை. யுத்த காலத்தில், 1941-ல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. 1946-லும் 1949-லும் 1960-லும் சட்டங்கள் வந்தன. 1960-ம் வருஷத்துச் சட்டம் அனுமதித்த முன்பணம் ஒரே ஒரு மாத வாடகைதான். சட்டம் ஒன்று என்றது. பட்டணம் பத்து என்றது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சட்டம் மூன்று மாதம் என்று வரம்பு கட்டியது. ஆனால் கூடவே, வேறு விதமான உடன்படிக்கை இருந்தாலொழிய என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தது. வீடு தேடி அலுத்துக் கைக்குழந்தையோடு நிற்பவன் எந்த உடன்படிக்கையில்தான் கையெழுத்துப் போட மாட்டான்?

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பென்ஷனோடு மாடிப் பகுதியின் வாடகையையும் சேர்த்துக் காலம் தள்ளும் கிழத் தம்பதிகள் அநேகர். குடியிருப்பவர் காலி செய்ய மறுத்து, வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தால் அவர்கள் கதி என்ன? அந்தப் பயமே அட்வான்ஸைப் பெருக்கியது. ஆனால் அந்தப் பயத்தைத் தீர்ப்பதற்கென்றே புதிய சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும், அதன் பதிவையும், தனி வாடகை நீதிமன்றத்தையும் ஏற்படுத்தியிருக்கிறது. மருந்து கொடுத்த பிறகும் பத்தியம் பத்து மாதமாகவே நீடிப்பது நியாயமாகப் படவில்லை.

இதன் விளைவு 2023 டிசம்பரில் தெரிந்தது. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. இரண்டு வாரத்துக்குள், 17, 18 தேதிகளில், தெற்கே பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்தது; கடைத்தெரு மூழ்கிற்று; ஊர் துண்டிக்கப்பட்டுத் தனித்து நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சுவரை எடுத்துக் கட்டவும் சாமான் வாங்கவும் பணம் வேண்டியிருந்தது. பட்டணத்துப் பிள்ளையின் சேமிப்போ வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் இருந்தது. காலி செய்தால்தான் அது கைக்கு வரும். காலி செய்தால் அடுத்த வீட்டுக்காரர் அதையே கேட்பார்.

ஊரிலேயே இருந்துவிடலாமே என்று சொல்வது சுலபம். வாழையும் நெல்லும் கடைத்தெருவும் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கும்? அந்தப் பெரிய பிரச்னை தீரும் வரையில் சின்னக் காரியம் ஒன்றைச் செய்யலாம். சட்டத்திலுள்ள அந்த உடன்படிக்கை வாசகத்தை எடுத்துவிட வேண்டும். மேலே கணக்குப் பார்த்த குடும்பத்துக்கு அட்வான்ஸ் 45,000-த்தோடு நின்றுவிடும். 1,05,000 ரூபாய் அவர்கள் கையிலேயே இருக்கும்.