மின்னணுத் துணி (உடல்நலக் கண்காணிப்பு)

மின்னணுத் துணி என்பது மின்கடத்தும் இழைகளும் உணரிகளும் சேர்த்து நெய்யப்பட்ட அல்லது பின்னப்பட்ட துணியாகும். இத்துணியாலான உடை, அணிந்திருப்பவரின் இதயத்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பநிலை, அசைவு ஆகியவற்றைத் தொடர்ந்து அளக்கும். நினைவிழந்தவர், கைக்குழந்தை, விலங்கு எனத் தம் நிலையைத் தாமே சொல்ல இயலாத உயிர்களுக்கு இது பெரிதும் பயன்படும்.

செயல்படும் விதம்

வெள்ளி பூசிய நைலான் இழை மின்சாரத்தைக் கடத்தும். அவ்விழையால் பின்னிய பட்டை மார்புத் தோலைத் தொட்டிருந்தால், ஒவ்வொரு இதயத்துடிப்பின்போதும் தோலின்மேல் தோன்றும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றத்தை உணரும். மருத்துவமனையில் மார்பில் ஒட்டும் மின்முனைகள் செய்வதும் இதே வேலைதான். மூச்சை அளக்கும் முறை வேறு. மூச்சை இழுக்கும்போது மார்பு விரிவதால், அதைச் சுற்றியுள்ள பட்டை நீண்டு அதன் மின்தடை மாறும். இம்மாற்றங்களை எண்ணினால் மூச்சு வீதம் தெரியும். உடையில் பொருத்திய சிறு கருவி இவ்வளவுகளைக் கம்பியின்றி அனுப்பும்.

வரலாறு

அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன் தலைமையிலான குழு, அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியுடன் 1996-இல் இத்தகைய சட்டை ஒன்றை உருவாக்கும் பணியைத் தொடங்கியது. ஜெயராமன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக்., எம்.டெக். பட்டங்கள் பெற்றவர். போர்க்களத்தில் காயமுற்ற வீரரை விரைவில் கண்டறிவதே இதன் நோக்கம். சட்டை முழுவதும் சுற்றிச் செல்லும் ஒளியிழையைக் குண்டு துளைத்தால் ஒளிக்குறிப்பு தடைபடும்; குண்டு பாய்ந்தது அதனால் தெரியவரும். உணரிகள் வீரரின் இதயத்துடிப்பையும் மூச்சையும் தெரிவிக்கும். பின்னர் இதே முறையில் கைக்குழந்தைகளுக்கான உடையும் உருவாக்கப்பட்டது.

விலங்குகள்

விலங்குகளின் உரோமம் மின்முனை தோலைத் தொடவிடாது. இதற்காக உரோமத்தை மழிக்க வேண்டியுள்ளது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபிராத் குடர் குழு 2020-இல் வேறு வழியை வெளியிட்டது. சிலிக்கோனும் நீரும் கொண்ட நெகிழ்வான உணரி உரோமத்தின்மேல் படிந்து, இடையிலுள்ள காற்றுக் குமிழிகளை அகற்றுகிறது. உள்ளிருக்கும் ஒலிவாங்கி இதய ஒலியையும் மூச்சொலியையும் பதிவு செய்கிறது. இது நெய்த துணியன்று; எனினும் பட்டையில் பொருத்தி அணிவிக்கலாம்.

வரம்புகள்

துவைக்கத் துவைக்க வெள்ளிப் பூச்சு தேயும். உடை தளர்ந்தாலோ அணிந்தவர் ஓடினாலோ அளவுகள் பிழையாகலாம். மேலும், இத்துணி மாற்றத்தை மட்டுமே காட்டும். நோய் இன்னதென முடிவு செய்வது மருத்துவர் அல்லது கால்நடை மருத்துவரின் பணியாகும்.