மஞ்சள் பஞ்சுக்கு விலை இல்லை
பழசின் கணக்கு – 9

போன கிழமை பிறிஜ் கொம்பிறசரின் வயிற்றைத் திறந்து காட்டினேன். அதற்குள் சுற்றியிருக்கும் செம்புக்கு இந்தக் கிழமை கணக்குப் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தேன். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுக்கவும். செம்பு கொஞ்சம் பொறுக்கட்டும். எனக்கு இந்தக் கிழமை முழுக்கப் பிறிஜ்ஜின் சுவர்தான் நினைப்பு.

சுன்னாகத்தில் ஒரு பழைய இரும்புக் கடையின் கோடிக்குள் பிறிஜ் உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெடியன் குறட்டால் செம்புக் குழாயை நறுக்கினான். காஸ் சீறிக்கொண்டு போனது. கொம்பிறசரைக் கழற்றிக் கவிழ்த்தான். ஒயில் மண்ணில் ஊறியது. தகட்டை உரித்து அடுக்கிவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த மஞ்சள் பஞ்சைப் பிய்த்து வேலியோரம் எறிந்தான்.

"அதை என்ன தம்பி செய்வியள்?"

"ஆர் ஐயா அதை வாங்கிறது? கஞ்சலோடை போட்டு எரிக்கிறதுதான்."

விலை போகாத அந்தப் பஞ்சில்தான் விஷயம் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய பெட்டிகளில், குழாயில் ஓடியது சி.எப்.சி-12. சுவருக்குள் அந்த மஞ்சள் நுரையை ஊதிப் பெருக்கியது சி.எப்.சி-11. குழாயில் இருப்பதைவிட, நுரையின் குமிழிகளுக்குள் அடைபட்டுக் கிடப்பது ஏறத்தாழ இரண்டு மடங்கு! சீறுகிற காஸைத்தான் நாம் கவனிக்கிறோம். சத்தமில்லாமல் இருப்பது அதைவிடக் கூட.

ஒரு பெட்டியின் நுரையில் 300 கிராம் சி.எப்.சி-11 என்று வைப்போம். இந்த வாயு ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில், 4,750 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஆகவே ஒரு பெட்டிக்கு 1.4 தொன். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. அப்படியென்றால் அந்தப் பஞ்சு 600 லீற்றர் பெற்றோலுக்குச் சமம். 2022 இல் பெற்றோலைப் பங்கிடக் கியூ.ஆர். அட்டை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் தந்தார்களே, அந்தக் கணக்கில் 150 கிழமைப் பங்கு வேலியோரம் கிடந்தது. எரித்தால் ஐதரசன் சயனைட்டு கலந்த புகையும் சேரும்.

ஓசோன் கதை வேறு. இந்த வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் 1974 இல் சொன்னார்கள்; 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது; 1989 இல் இலங்கையும் சேர்ந்தது. உலகம் முழுக்க உற்பத்தி தடைசெய்யப்பட்ட பிறகும், காற்றில் சி.எப்.சி-11 எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018 இல் கண்டுபிடித்தார்கள். துப்புத் துலக்கினால், பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து. அங்கே களவாக அதை வைத்து என்ன செய்தார்கள்? இதே நுரையைத்தான்!

எங்கள் பக்கத்தில் பழைய பெட்டிகள் மிஞ்சியதற்கு யுத்தமும் ஒரு காரணம். மின்சாரம் இல்லாத 1990களில் பிறிஜ் அலுமாரியாகி, கொப்பி புத்தகம் அடுக்கிய வீடுகள் உண்டு. ஓடாத பெட்டி தேயாது.

முறையாகச் செய்யும் நாடுகளில் முதலில் குழாயைத் துளைத்துக் காஸையும் ஒயிலையும் உறிஞ்சிப் பிரிப்பார்கள். பிறகு பெட்டியைக் காற்றுப் புகாத அறைக்குள் அரைத்து, நுரை கக்கும் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிப் பிடிப்பார்கள். அதைக் கடும் சூட்டு உலையில் அழித்துவிடுவார்கள்.

ஒயிலைப் பற்றிச் சுன்னாகத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் நிலம், மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்கும். மின்நிலைய ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில், நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. கொம்பிறசரில் இருப்பது ஒரு போத்தலுக்கும் குறைவுதான். ஆனால் அதைக் கவிழ்ப்பதும் அதே நிலத்தில்தான்.

இடம் முடிந்துவிட்டது. செம்பும் அலுமினியமும் அடுத்த கிழமை, கட்டாயம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழைய பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ஆர்-12 (சி.எப்.சி-12தான்) என்று இருந்தால் குழாயை நறுக்கவும் சுவரை உடைக்கவும் விடாதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ள மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் முழுசாகக் கொடுங்கள். இரும்புக் கடை தரும் காசு கொஞ்சம் கூடவாக இருக்கலாம். அந்தக் காசு பஞ்சுக்குத் தருவதல்ல.