சூரியன்தான் மேனேஜர்!

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மேனேஜர் 'வள்'ளென்று விழுகிறார். சட்டென்று உங்கள் மனசுக்குள் ஒரு சினிமா ஓடுகிறது. ராஜினாமா லெட்டரை அவர் மேஜை மேல் விசிறி அடிக்கிறீர்கள். தோளில் காமிரா. வாசலில் ஒரு வேன். அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம். மலை, காடு, ஏரி என்று கிளம்பிவிடுகிறீர்கள். தோன்றின இடத்தில் நிறுத்தி, தோன்றினதைப் படமெடுத்து...

''என்ன சார், ஸ்டேட்மென்ட் ரெடியா?''

சினிமா கட்!

வெட்கப்பட வேண்டாம். இந்தக் கனவு முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. அமெரிக்காவில் சில பேர் நிஜமாகவே லெட்டரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். அவர்கள் குடியிருக்கும் வண்டிக்கு 'மோட்டார் ஹோம்' என்று பெயர். திருவல்லிக்கேணி மேன்ஷன் ரூம் ஒன்றைப் பெயர்த்தெடுத்து, சக்கரம் மாட்டி, இஞ்சின் வைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான். ரூம்மேட் மட்டும் கிடையாது.

இப்படி வண்டியில் வாழ்ந்துகொண்டு, இயற்கையைப் படமெடுத்தே பிழைக்கிற ஆசாமிகளின் பிழைப்பை ஒரே ஆளாக உருட்டி, அவருக்கு 'நம்மாளு' என்று பெயர் வைப்போம். ஒரு நாள் முழுக்க அவர் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். லெட்டர் கொடுப்பதா, வேண்டாமா என்பதை ராத்திரி முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

இடம்: கலிபோர்னியாவின் கிழக்கு ஓரம், 395-ம் நம்பர் நெடுஞ்சாலையில் லோன் பைன் என்ற சின்ன ஊர். மேற்கே சியரா நெவாடா மலை, கோட்டை மதில் மாதிரி நிற்கிறது. அதில் விட்னி சிகரம் 14,505 அடி. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே அதுதான் உயரம். அடிவாரத்தில் உருண்டை உருண்டையாகப் பாறைகள். அலபாமா குன்றுகள் என்கிறார்கள். 1939-ல் வந்த 'கங்கா தின்' என்ற ஹாலிவுட் படத்தில், இந்தியாவின் வடமேற்கு எல்லை என்று இந்தப் பாறைகளைத்தான் காட்டினார்கள். விசா இல்லாமலே இந்தியா அமெரிக்கா போய்விட்டு வந்திருக்கிறது!

மாதம்: டிசம்பர். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே.

காலை 5 மணி

அலாரம் அடிக்கிறது. நம்மாளு எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதில்லை, கண்ணாடியும் பார்ப்பதில்லை. பாட்டரி மீட்டரைப் பார்க்கிறார்.

வண்டியில் இருக்கும் ஹீட்டர் எரிவது காஸில். ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் ஃபேன் ஓடுவது பாட்டரியில். ராத்திரி முழுக்கக் கதகதப்பாகத் தூங்கினால், காலையில் லைட் போடக் கரண்ட் இருக்காது. பழைய ரக லெட் ஆசிட் பாட்டரியாக இருந்தால் பாதிக்குக் கீழே இறக்கவும் கூடாது, ஆயுசு குறைந்துவிடும். எனவே ஹீட்டரைக் குறைத்து வைத்து, ரெண்டு கம்பளியும் ஸ்வெட்டருமாகத் தூக்கம். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி படிந்திருக்கிறது.

போர்வைக்குள் இன்னொரு ஜீவனும் படுத்திருக்கிறது. காமிராவின் பாட்டரிகள்! குளிரில் விட்டால் சீக்கிரம் சக்தி போய்விடும் என்பதால் உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்கிறார். கல்யாணமாகாதவருக்கு ஏதோ ஒரு துணை.

காலை 6.30

பாறைகளுக்கு நடுவே ட்ரைபாட் வைத்தாயிற்று. சூரியன் கிழக்கே இன்யோ மலைக்குப் பின்னால் இருக்கிறது. அது எட்டிப் பார்ப்பதற்கு முன்பே விட்னியின் உச்சியில் ரோஜா நிறம் ஏறும். பிறகு சிவப்பு, பிறகு பொன். எல்லாம் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்காகத்தான் இந்த வீடு, வண்டி, குளிர் எல்லாம்.

இன்றைக்கு என்ன ஆகிறது தெரியுமா? சரியாக அந்த நேரத்தில் சிகரத்தின் மேல் மேகம் 'சொத்'தென்று வந்து உட்காருகிறது. எல்லாம் சாம்பல் நிறம்.

நேற்றும் இதே கதை. முந்தாநாளும் இதே கதை.

நம்மாளு திட்டுவதில்லை. காமிராவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கி மூடிய பிறகுதான் வண்டிக்குள் கொண்டுபோகிறார். இல்லாவிட்டால் வெளிக் குளிரிலிருந்து உள் சூட்டுக்குப் போனதும், ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி லென்ஸ் வியர்த்துவிடும்.

அவர் திட்டாததற்குக் காரணம் இருக்கிறது. இதே ஊரில், இதே மலையைப் பார்த்துக்கொண்டு, பெரிய ஆசாமி ஒருவர் தேவுடு காத்திருக்கிறார்.

குதிரை திரும்புமா?

ஆன்செல் ஆடம்ஸ். அமெரிக்க இயற்கைப் புகைப்படக் கலைக்குப் பிதாமகர். அவருடைய காரின் கூரையில் ஒரு மேடை கட்டியிருப்பார். அதன் மேல் ஏறி நின்று, பெட்டி மாதிரி பெரிய காமிராவை வைத்துப் படமெடுப்பது வழக்கம். 1944 குளிர்காலத்தில் லோன் பைனுக்கு வந்தார். விடியலுக்கு முன்பே கிளம்பிப் போய்க் காத்திருந்தார். மேகம். மறுநாளும் மேகம். இப்படியே நாலு நாள்!

ஐந்தாம் நாள் வானம் தெளிந்தது. மேடையில் காமிராவை நிறுத்திவிட்டு, குளிர் தாங்காமல் காருக்குள் வந்து மனைவி வர்ஜீனியாவோடு உட்கார்ந்துகொண்டார். சிகரங்களில் வெயில் பட்டது. எதிரே புல்வெளியில் ஒரு குதிரை மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பொல்லாத குதிரை காமிராவுக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடி நின்றது! வெயில் மெதுவாகக் குதிரை நின்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. இன்னும் சில விநாடிகளில் எல்லாம் போய்விடும்... கடைசி நேரத்தில் குதிரை பக்கவாட்டில் திரும்பியது. 'க்ளிக்!'

கறுப்பு மலை, வெள்ளைச் சிகரம், கீழே எறும்பு மாதிரி அந்தக் குதிரை. உலகப் புகழ் பெற்ற படம் அது. ஒரு ரகசியம்: லோன் பைன் பள்ளிக்கூடப் பையன்கள் அந்தக் கறுப்பு மலையில் 'எல்.பி.' என்று வெள்ளையாகப் பெரிசாக எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அதை நெகடிவிலேயே அழித்துவிட்டார். 'டச்-அப்' ஒன்றும் கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு இல்லை!

நாலு நாள் காத்திருந்தார் சரி, ஐந்தாம் நாளும் மேகம் வந்திருந்தால்? ஆறாம் நாள் வந்திருப்பார். அவ்வளவுதான் இந்தத் தொழில்.

காலை 9 மணி: வீட்டு வேலை

வெயில் ஏறிவிட்டால் வெளிச்சம் தட்டையாகிவிடும். படமெடுப்பவருக்கு ஆபீஸ் மூடியாச்சு. ஆனால் வீட்டுக்காரருக்கு இப்போதுதான் ஆபீஸ் ஆரம்பம்.

இந்த ரக வண்டியில் சுமார் 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ரெண்டு வாரம் ஓட்ட வேண்டுமானால் ஒரு நாளைக்குப் பத்துப் பதினோரு லிட்டர். சமையல், குடிநீர், குளியல் எல்லாம் சேர்த்து! உடம்பை நனைத்துக் குழாயை மூடு, சோப்புப் போடு, குழாயைத் திற, அலம்பு, மூடு. குளியல் ஓவர். சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இது அல்வா!

வேடிக்கை பாருங்கள். இவர் சொட்டுச் சொட்டாக எண்ணுகிற இதே பள்ளத்தாக்கிலிருந்துதான் 1913 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். சுமார் 375 கிலோமீட்டர்!

இன்றைக்குத் துணி துவைக்கும் நாள். 60 மைல் வடக்கே பிஷப் என்ற ஊருக்குப் பயணம். வண்டி ஒரு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிசு. நம்ம ஊர் அரசு பஸ்ஸே ஐந்துக்கு மேல் கொடுக்கும். போய்வர ஏறக்குறைய 50 லிட்டர் பெட்ரோல் காலி. அதனால்தான் சலவை, மளிகை, காஸ், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கிறார்.

கூடவே ஒரு புனித காரியமும் உண்டு. வண்டிக்கு அடியில் ரெண்டு கழிவுத் தொட்டிகள். ஒன்று குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு. இன்னொன்று... புரிந்திருக்கும். அதற்கென்று இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, கையுறை மாட்டி, குழாய் சொருகி, முதலில் 'அதை'த் திறந்து காலி பண்ண வேண்டும். அப்புறம்தான் சோப்புத் தண்ணீர். அது குழாயையும் அலம்பிக்கொண்டு போய்விடும். வரிசை மாறினால் கோவிந்தா! பத்தாயிரக்கணக்கில் படமெடுத்திருக்கும் நம்மாளு, இந்த ஒரு காட்சியை மட்டும் எடுப்பதே இல்லை.

போகிற வழியில் மான்ஸனார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 10,000-க்கும் மேற்பட்டவர்களை முள்வேலிக்குள் அடைத்துவைத்த முகாம். ஆடம்ஸ் 1944-ல் இந்தப் பக்கம் வந்ததே அவர்களைப் படமெடுக்கத்தான். அதே சிகரங்கள்தான் அவர்களுக்கும் தெரிந்தன, கம்பிகளுக்குப் பின்னால் இருந்து. நம்மாளு இந்த இடத்தைத் தாண்டும்போது தண்ணீர்க் கஷ்டம், பாட்டரிக் கஷ்டம் பற்றி முணுமுணுப்பதில்லை.

பகல் 12: காசு எங்கே?

சலவை மெஷின் சுற்ற, மடியில் கம்ப்யூட்டர். எடுத்த படங்களில் தேறாதவற்றைக் கழிக்க வேண்டும். தேறியதை ரெண்டு டிஸ்க்கில் பதித்து, ஒன்றை வண்டியிலும் ஒன்றை எப்போதும் பையிலும் வைத்திருக்க வேண்டும். வண்டியோடு எல்லாம் போய்விட்டால்? வீடு, ஆபீஸ், கார், பீரோ, நாலும் ஒரே சாவியில் இருப்பதில் உள்ள ஆபத்து அது.

ஒரு காலத்தில் ஒரு நல்ல படம் விற்றால் சில வாரம் ஓட்டலாம். இன்டர்நெட்டில் படங்களைக் கொட்டிக் குவித்து விற்க ஆரம்பித்த பிறகு, பல படங்களுக்குச் சில்லறைதான் மிச்சம். எனவே பெரிய பிரின்ட் போட்டு விற்பது, காலண்டர், ஆர்வக்கோளாறு ஆசாமிகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது.

அட்ரஸ்? அதுவும் பிரச்னைதான். வீடு நகர்ந்துகொண்டே இருந்தால் தபால்காரர் என்ன பண்ணுவார்? சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் தபாலை வாங்கி அனுப்புவதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் மாநில வருமான வரியும் கிடையாது. நம்மாளு விவரமானவர்தான்!

பிஷப் ஊருக்கும் ஒரு கதை உண்டு. கேலன் ரோவெல் என்பவர் கார் ரிப்பேர் ஷாப் நடத்திக்கொண்டிருந்தார். 1972-ல் அதை விற்றுவிட்டு முழுநேரப் புகைப்படக்காரர் ஆனார். 1981-ல் திபெத்தின் லாசாவில் ஒரு வானவில்லைப் பார்த்தார். கோணத்தை மனசுக்குள் கணக்குப் போட்டார். தான் வேறு இடத்துக்குப் போனால் வானவில் பொட்டாலா அரண்மனை மேல் போய் இறங்கும்! மூச்சு வாங்கும் 12,000 அடி உயரத்தில் ஓடினார் ஓடினார், ஓடி எடுத்தார். அதுவும் உலகப் புகழ். 2001-ல் பிஷப்பில் காலரி திறந்தார். 2002-ல் இதே ஊரில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார்.

ஒருத்தர் காத்திருந்தார், ஒருத்தர் ஓடினார். எப்போது காத்திருப்பது, எப்போது ஓடுவது என்று தெரிவதுதான் வித்தை.

மாலை 4.30

நம்மாளு திரும்பி வந்து பாறைகளுக்கு நடுவே நிற்கிறார். மேகம் இன்னும் இறங்கிவிட்டது. ஒரு படம்கூட இல்லை. இன்றைய வரவு பூஜ்யம், செலவு 50 லிட்டர்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த மாதிரி அரசு நிலங்களில் இலவசமாகத் தங்கலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் 14 நாள்தான். அதற்குப் பிறகு வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். இன்றோடு பன்னிரண்டு நாள் முடிகிறது.

ராத்திரி 8 மணி

இது மட்டும் சிரிப்பாகச் சொல்ல வரவில்லை. சூப் குடித்தாயிற்று. போனில் தங்கை வீட்டுக் குழந்தையின் பிறந்த நாள் படம் வந்திருக்கிறது. யாரோ எடுத்தது, கோணல்மாணலாக. உலகத்தின் அழகையெல்லாம் எடுக்கிறவர் அந்த ஒரு படத்தை எடுக்க அங்கே இல்லை. ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது. ''பத்திரமா இருக்கியாடா?'' என்று அம்மா கேட்டால், ''ரொம்ப அழகா இருக்கும்மா'' என்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறார்.

வெளியே வந்து பார்க்கிறார். மேகத்தில் ஒரு கிழிசல். நாலைந்து நட்சத்திரம்.

அலாரத்தை மறுபடி 5 மணிக்கு வைக்கிறார்.

இப்போது உங்கள் லெட்டருக்கு வருவோம். நம்மாளு வேலையை விட்டார் என்று யார் சொன்னது? மேனேஜரை மாற்றினார், அவ்வளவுதான். புது மேனேஜர் சூரியன். லீவு கேட்க முடியாது, காரணம் சொல்ல முடியாது, லேட்டாகப் போனால் காத்திருக்க மாட்டார். உங்கள் மேனேஜர் கத்தினாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். இந்த மேனேஜருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. தோன்றினால் கொடுப்பார், அதுவும் சில நிமிஷம்.

அந்தச் சில நிமிஷம் போதும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தாராளமாக லெட்டரைக் கொடுங்கள். சந்தேகமாக இருக்கிறதா? டிராயரிலேயே இருக்கட்டும். முதலில் நாளைக் காலை 5 மணிக்கு அலாரம் வைத்து, மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து நாள்!

மூணாம் நாளே அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டீர்களா? ஸ்டேட்மென்ட்டை முடித்துவிடுங்கள் சார்... மேனேஜர் வருகிறார்!