நின்ற இடத்திலிருந்து முழு மண்டபமும்

கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் என்னை அழைத்தார். "வெளிநாட்டுல ஈக்கிறவங்களும் ஹோலைச் சுத்திப் பாக்கிற மாதிரி படம் ஒண்டு வேணும் தம்பி" என்றார். நாலாபுறமும், மேலும் கீழும் திருப்பிப் பார்க்கக்கூடிய 360 பாகைப் படம். ட்ரைபொட்டில் கெமராவைப் பூட்டிச் சுழற்றிச் சுழற்றி எடுத்தால் போதுமென்று நினைத்துச் சம்மதித்துவிட்டேன்.

கம்பியூட்டரில் இணைத்தபோதுதான் பிழை தெரிந்தது. டைல்ஸ் கோடுகள் உடைந்திருந்தன. நடுத்தூண் இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடி, விரலை முகத்துக்கு நேரே பிடித்துத் தலையைத் திருப்பிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரில் விரல் இடம் மாறும். கெமராவுக்கும் அதுதான் நடந்தது. அது தன் அடிப்பாகத்தை மையமாக்கிச் சுழல்கிறது. சுழல வேண்டியதோ லென்ஸினுள் ஒளி புகும் புள்ளியில். கிட்ட ஒரு கம்பு, தூர ஒரு கம்பு, இரண்டையும் ஒரே நேரில் நிறுத்துங்கள். கெமராவை இடம், வலம் திருப்பியும் இரண்டும் விலகாதிருக்கும் வரை அதை முன்பின்னாக நகர்த்தினால் அந்தப் புள்ளி பிடிபடும். இப்படி நகர்த்துவதற்கென்றே ட்ரைபொட் தலைகள் விற்கிறார்கள்.

மறுமுறை 15 மில்லிமீற்றர் மீன்கண் லென்ஸுடன் போனேன். கெமராவை நிமிர்த்தி வைத்து 60 பாகைக்கு ஒன்றாக 6 படங்கள், மேலே ஒன்று, தரைக்கு ஒன்று. வெளிச்ச அளவு, நிறச் சமநிலை, போகஸ் மூன்றையும் தானியங்கியில் விடவில்லை. விட்டால் யன்னல் பக்கம் ஒரு நிறம், சுவர்ப் பக்கம் இன்னொரு நிறமாகிவிடும். மின்விசிறிகளையும் நிறுத்தச் சொன்னேன். 'ஹகின்' என்ற இலவச மென்பொருள் எட்டையும் ஒட்டி, உயரத்தைப்போல இருமடங்கு அகலமான ஒரே படமாகத் தந்தது. ட்ரைபொட் கால்கள் தெரிந்த இடத்தை அழித்துத் தரையை நிரப்பினேன்.

இரு பக்கமும் லென்ஸ் வைத்த 360 கெமராக்கள் இதை ஒரே அழுத்தலில் செய்கின்றன. ரிக்கோவின் 'தீட்டா' 2013இலேயே வந்துவிட்டது. சிறிய கடைக்கு அது தாராளம். ஆனால் மிகக் கிட்டவுள்ள பொருட்கள் இரு படங்களும் சேரும் இடத்தில் உடைந்து தெரியும். சற்றுத் தள்ளியே வைக்க வேண்டும்.

படத்தைப் பார்த்த ஹாஜியாருக்குச் சந்தோஷம். பிறகு மெதுவாக, "கூரையில ஈக்கிற தண்ணிக் கறையையும், மேடையை மறைக்கிற அந்தத் தூணையும் எடுத்திடுங்களேன். கம்பியூட்டர்ல ஏலும்தானே?" என்றார்.

ஏலும். ட்ரைபொட்டை அழித்த அதே வேலைதான். ஆனால் ட்ரைபொட் நான் கொண்டுபோனது. தூண் மண்டபத்துக்குச் சொந்தமானது. படத்தை நம்பி முற்பணம் அனுப்புகிறவர் கல்யாணத்தன்றுதான் அந்தத் தூணைக் காண்பார். நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியைப் பற்றிய ஹதீஸை ஞாபகப்படுத்தினேன். ஹாஜியார் ஒன்றும் பேசவில்லை. கூலி கைவிட்டுப் போனதென்றே நினைத்தேன்.

இரண்டு வாரத்தில் கோல் வந்தது. கூரையைத் திருத்திவிட்டாராம், திரும்ப எடுக்கட்டாம். எடுத்தேன். தூண் அப்படியே இருக்கிறது. கட்டாரிலிருந்து முதலில் பேசியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் மேசைகளைத் தூணுக்கு முன்பக்கம் போடச் சொன்னார்களாம்.