அலமாரியில் ஐம்பதாண்டு இருந்த இசை

ராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீண்டு கிடக்கும் இந்தத் தோல் பிரதேசத்தில் வசிப்பவர்களுக்கு, தோலுக்கும் சங்கீதத்துக்கும் உள்ள சம்பந்தம் பிறவியிலேயே தெரிந்திருக்கும் என்று வெளியூர் அன்பர்கள் நினைப்பதுண்டு. உண்மை அப்படியன்று. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இப்போது பெரும்பாலும் குரோமிலும் பதமாகி, ஷூவாகவும் கைப்பையாகவும் கப்பலேறிப் போகும் எங்கள் ஊர்த் தோல் பேசாத தோல். மிருதங்கத்துக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். அதைத் தேர்ந்து, மயிர் நீக்கி, வார் பிடித்து நாதம் வரச் செய்பவர்கள் வேறு மனிதர்கள். அந்த மனிதர்களின் பெயர்கள் கச்சேரி மேடையில் ஒலித்ததில்லை என்பதையே பொருளாகக் கொண்டு, டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். வாசித்தவரை நினைவில் வைத்து, வாசிக்கத்தக்கதாக ஒன்றைச் செய்துகொடுத்தவரை மறந்துவிடுவது நம் தேசத்தில் நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்துக்கு இன்னொரு திருஷ்டாந்தமாக, ஆனால் முற்றிலும் எதிர்பாராத திசையிலிருந்து, ஓர் இசைத்தொகுப்பு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது.

‘தி என்.ஐ.டி. டேப்ஸ்: எலக்ட்ரானிக் மியூசிக் ஃப்ரம் இந்தியா 1969–1972’ என்பது அதன் நீண்ட பெயர். லண்டனில் உள்ள ‘ஸ்டேட்51 கான்ஸ்பிரஸி’ என்னும் நிறுவனம் வெளியிட்டது. ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.), மனிதன் முதன்முதல் சந்திரனில் கால் வைத்த அதே ஆண்டில் தொடங்கி மூன்றாண்டுக் காலம், நம்மவர் சிலர் மின்சாரத்தைக் கொண்டே சப்தத்தை உற்பத்தி செய்து காந்த நாடாவில் பதிந்து வைத்தவை இவை. பழைய தொகுப்பொன்று பல பதிற்றாண்டுகளுக்குப் பின் மறுபடி கண்டெடுக்கப்படுவது மேல்நாட்டில் சாதாரணம். நம் நாட்டிலும், ஒரு சிகரெட் கம்பெனியின் தயவில் நடந்த ‘சிம்லா பீட்’ போட்டியின் 1970, 1971ஆம் ஆண்டு இசைத்தட்டுகள் அவ்விதமே பிற்காலத்து ரஸிகர்களால் தேடி எடுக்கப்பட்டன. ஆமதாபாத் விஷயம் அதனினும் விசித்திரமானது. இது மறுபதிப்பே அன்று. ஒருமுறைகூட வெளியாகாத இசை, பதிவான அரை நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முதலாக வெளியாகியிருக்கிறது.

இதை வெளிக்கொணர்ந்தவர் பால் பர்காஸ் என்னும் லண்டன் கலைஞர்; ‘எம்டிசெட்’ என்ற மின்னணு இசை இரட்டையருள் ஒருவர். ஆமதாபாத் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் அவர் கண்ட நாடாச் சுருள்கள் திருடுபோனவையும் அல்ல, தீயில் தப்பியவையும் அல்ல. இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய விதத்தில், அவை இருந்தன. கேட்பாரில்லாமல் இருந்தன, அவ்வளவுதான். அவற்றைப் பற்றி 2020இல் பி.பி.சி. மூன்றாம் வானொலிக்காக அவர் ஒரு நிகழ்ச்சி தயாரித்தார். பிறகு தொகுப்பும், அதற்குத் துணையாக ஒரு கட்டுரை நூலும் வந்தன.

ஆமதாபாத்தில் இப்படி ஒன்று ஏன் நடந்தது என்பதற்கு, அந்நகரத்துப் பஞ்சாலை முதலாளிகளின் சரித்திரத்தைச் சற்றே தொட வேண்டும். காலிகோ மில்லின் சாராபாய் குடும்பத்தார், பணம் சம்பாதித்த கையோடு நின்றுவிடாமல், விஞ்ஞானம், கட்டடக்கலை, நாட்டியம், சங்கீதம் ஆகிய எல்லாவற்றிலும் ஈடுபட்டவர்கள். விக்ரம் சாராபாயின் பெயரை அறியாத தமிழ்ப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அமெரிக்கத் தம்பதிகளான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் அளித்த அறிக்கையின் பயனாக 1961இல் தோன்றிய வடிவமைப்பு நிறுவனத்தை முதலில் வளர்த்தவர்கள், அக்குடும்பத்துச் சகோதர சகோதரியான கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும்.

அவர்களுடைய சகோதரி கீதா சாராபாய்தான் நம் கதைக்கு நாயகி. பெண்கள் பக்வாஜ் என்னும் வடநாட்டு மத்தளத்தைத் தொடத் தயங்கிய காலத்தில் அதை முறையாகப் பயின்ற அந்த அம்மையார், 1946இல் நியூயார்க் சென்றபோது ஜான் கேஜ் என்ற இளம் சங்கீதக்காரரைச் சந்தித்தார். பரஸ்பரப் பாடம் என்பது ஏற்பாடு: அவர் இவருக்கு ஷோன்பெர்க் வழியிலான மேல்நாட்டு எதிரிசை முறையைக் கற்பிக்க, இவர் அவருக்கு இந்திய சங்கீதத்தையும் அதன் தத்துவத்தையும் சொல்லிக்கொடுத்தார். மனத்தைத் தெளிவித்து அமைதிப்படுத்தி, தெய்வீகமான பிரபாவங்களை ஏற்கும்படி செய்வதே சங்கீதத்தின் பயன் என்று தம் குரு தமக்குச் சொன்னதை அவர் கேஜிடம் கூற, கேஜ் தம் ஆயுள் முழுதும் அந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடி யாதொன்றும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் அவருடைய பிரசித்தி பெற்ற உருப்படியை 1952இல் முதன்முதல் அரங்கேற்றிய பியானோ வித்வான் டேவிட் டியூடர். அந்த டியூடர்தான் 1969இல் ஆமதாபாத் வந்து, மோக் சிந்தசைசர் என்ற இயந்திரத்தோடு ஒரு ஒலிக்கூடத்தை நிறுவி, இங்குள்ளவர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

மோக் இயந்திரம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் துணிச்சலின் அளவு புலப்படும். வீணையில் தந்தியும் நாகஸ்வரத்தில் காற்றும் அதிர்வதுபோல, இதில் அதிர்வது மின்னோட்டம். அதிர்வு வேகத்தை மின்னழுத்தம் ஒன்று ஆள்கிறது: அழுத்தம் கூடினால் ஸ்வரம் ஏறும், குறைந்தால் இறங்கும். அப்படிப் பிறந்த சப்தத்தை வடிகட்டவும், பெருக்கவும், நடுங்கச் செய்யவும் தனித்தனிப் பெட்டிகள். ஒரு பெட்டியையும் இன்னொரு பெட்டியையும் கம்பியால் இணைத்தால் ஒரு வாத்தியம், இணைப்பை மாற்றினால் வேறொரு வாத்தியம். அமெரிக்காவில் 1968இல் வெண்டி கார்லோஸ் இதே இயந்திரத்தில் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் உருப்படிகளை வாசித்துப் புகழ் பெற்றிருந்ததால், பலரும் இதை இன்னொரு ஹார்மோனியமாகவே கருதினர். கட்டைகள் வைத்த வாத்தியத்தில் கமகம் வராது என்று நம் வித்வான்கள் ஹார்மோனியத்தின் மீது சொல்லிவந்த குற்றம் இதற்குப் பொருந்தாது. குமிழைத் திருகினாலே ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போகும். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே எத்தனை இடம் உண்டோ அத்தனையும் இதற்கு வசம்.

தொகுப்பில் டியூடரின் பதிவுகளும் உண்டு. நாடாவிலிருந்து வெளிவரும் ஒலியையே மறுபடி உள்ளே செலுத்தி, அது தன்னைத்தானே விழுங்கிப் பெருகும்படி விட்டுவிடும் முறை அவருடையது; ஆளை அசைத்துவிடும் கூச்சல் அது. தோல் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆம்பூர்ப் பெரியவர் ஒருவரிடம், ஒரு மாலை நேரத்தில், இதைப் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டவர், “பேரிங் போச்சுன்னா டிரம்மு இப்படித்தான் சார் கத்தும். நைட் ஷிப்டுல இந்தச் சத்தம் கேட்டா எழுந்து ஓடுவோம்” என்றார். “இதை சங்கீதம்னு சொல்றாங்க பாய்” என்றேன். “சொல்லட்டும் சார், எங்களுக்கு அது ரிப்பேரு” என்று சிரித்தார். நான் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு துல்லியமாக அந்த இசையைச் சொல்லவில்லை. தோலையும் தண்ணீரையும் ரசாயனத்தையும் வயிற்றில் போட்டுக்கொண்டு ராப்பகலாய்ச் சுழலும் அந்த மரப் பீப்பாய்களின் ஓசையை ஆயுள் முழுதும் காதில் வைத்திருந்தவர், நோய் எது, நலம் எது என்று சப்தத்தைக் கொண்டே அறியும் சிக்ஷை பெற்றவர். டியூடர் விரும்பிய ரஸிகர் அப்படிப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆயினும் என் அபிப்பிராயத்தில் இத்தொகுப்பின் விசேஷம் டியூடரிடம் இல்லை. கீதா சாராபாய், ஐ. எஸ். மாதுர், எஸ். சி. சர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரிடம் இருக்கிறது. இவர்களுள் மாதுர் வைத்த தலைப்பு ஒன்றே ஒரு கட்டுரைக்குப் போதும்: ‘ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன்’ என்பது அதன் பொருள். தம்புரா என்பது ராகம் பாடாமல், தாளம் போடாமல், ஆதார சுருதியின் மீது உபஸ்வரங்களை மலர்த்திக்கொண்டு இருப்பதையே தொழிலாகக் கொண்ட வாத்தியம். இடைவிடாத ஒரே ஸ்வரத்தை, அதன் உள்ளே நடக்கும் நுட்பமான மாறுதல்களுக்காகவே கேட்பது என்ற பழக்கம், ஐரோப்பியப் புதுமைவாதிகளுக்குப் பிரயத்தனப்பட்டு அடைய வேண்டிய நிலை. மாதுருக்கோ அது குழந்தைப்பருவத்துச் சொத்து. அவருடைய மற்றோர் உருப்படியான ‘என் பறவைகள்’ கிறீச்சிடும் மின்சாரத்தைக் கொண்டே கட்டப்பட்ட தோப்பு. சர்மாவின் ‘நடன இசை’ வரிசையைக் கேட்கும் இளைஞர்கள், பின்னாளில் ‘டெக்னோ’ என்று உலகம் அழைத்த சரக்கு 1970ஐ ஒட்டி ஆமதாபாத்தில் எப்படி வந்தது என்று திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. பிற்காலத்தை முன்கூட்டிச் சொன்னதற்காக ஒரு படைப்பைப் புகழ்வது, பேரனின் உத்தியோகத்தை வைத்துப் பாட்டனாருக்கு மரியாதை செய்வது போன்றது. சர்மாவின் துடிப்பு, அதன் சொந்த நிதானத்துக்காகவே கேட்கத் தக்கது. சில உருப்படிகள் பயிற்சிக் குறிப்புகளைத் தாண்டவில்லை என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. இயந்திரம் என்னென்ன சொல்லும் என்று ஒவ்வொரு குமிழாகத் திருப்பிப் பார்க்கும் மாணவரின் மூச்சு அவற்றில் கேட்கிறது.

நம் சங்கீத உலகம் இந்தச் சோதனைகளை அறிந்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? அபசாரம் என்று பலர் சொல்லியிருப்பார்கள். அதே உலகம், பிறகு வந்த காலத்தில், மின்னணுச் சுருதிப் பெட்டியை யாதொரு வாதமும் இன்றி மேடையில் ஏற்றிக்கொண்டது. தம்புராவின் ஸ்தானத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்து, மின்சாரத்தால் சட்ஜ பஞ்சமம் மீட்ட, அதற்கு முன்னால் அமர்ந்து சம்பிரதாயத்தின் தூய்மையைப் பற்றிப் பிரசங்கிக்கிறோம்! மாதுர் வெளிப்படையாகச் செய்ததை நாம் சௌகரியத்துக்காக மறைவாகச் செய்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆமதாபாத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தப் பக்கத்துத் தனவந்தர்களோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. தோல் வியாபாரத்தில் ஈட்டிய செல்வம் இங்கேயும் வீணாகப் போகவில்லை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியா கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் அப்துல் ஹக்கீம் கல்லூரியும், டியூடர் ஆமதாபாத்தில் இறங்கிய அதே 1969இல் ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரியும் எழுந்தன. படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டுமா, மின்சாரக் குயில் வேண்டுமா என்று கேட்டால், விவேகமுள்ள எவரும் கல்லூரியைத்தான் சொல்வார்கள்; நானும் சொல்வேன். பஞ்சாலைச் செல்வத்தின் அடியிலும் கூலியாளின் வியர்வை உண்டு, தோல் செல்வத்தின் அடியிலோ பாலாற்றின் நீரே உண்டு. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று விதித்தது இந்த நீருக்காகத்தான். ஆகவே ஒரு குடும்பத்தைத் தூக்கி வைத்து மற்றவரை இறக்குவது என் நோக்கமன்று. எனக்குப் பொறாமை உண்டாக்குவது சாராபாய்களின் பணமுமன்று, மோக் இயந்திரமுமன்று. உபயோகம் விளங்காத பொருளையும் பேர் எழுதி, தேதி எழுதி அலமாரியில் வைத்த அந்த வடிவமைப்பு நிறுவனத்தின் பழக்கம்தான்.

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் விடிய விடிய நடந்த முஷாயிராக்கள் என்னும் உருதுக் கவியரங்கங்கள், பழைய வடஆற்காட்டுக் கிராமங்களில் கேட்ட தெருக்கூத்துக் குரல்கள், பட்டைத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்தவர்கள் பேசிக்கொண்ட பேச்சு ஆகியவற்றில் கொஞ்சமேனும் எந்த வீட்டுப் பரண்மேல் கேஸட்டாகக் கிடக்கிறதோ! காந்த நாடா என்பது, பிளாஸ்டிக் பட்டையின் மேல் இரும்புத் துருவின் நுண்துகளைப் பசையால் ஒட்டியது. ஈரம் கண்டால் பசை இளகும், நாடா பிசுபிசுக்கும், ஓட்டும் இயந்திரத்தின் தலையிலேயே துகள் உதிர்ந்துவிடும். இயந்திரங்களோ ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. பரணைத் தேட நினைப்பவர்கள் தாமதிக்காமல் தேடுவது நல்லது.

தொகுப்பில் நான் அதிகம் திரும்பக் கேட்பது, அப்போது கட்டடக்கலை மாணவராக இருந்த ஜோஷிபுரா செய்த உருப்படி. ஆகாய யாத்திரையைக் கற்பனை செய்து, ‘ஸ்பேஸ் லைனர் 2001’ என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். அதைப் பதிந்தபோது 2001 என்பது முப்பது ஆண்டுக்கு அப்பால் இருந்த எதிர்காலம்; ரஸிகர்களின் கைக்கு அது வந்து சேர்ந்தபோது அந்த எதிர்காலம் கழிந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன.